பாரசீக மன்னர்களின் அரண்மனைகள்: இரவல் எது, சொந்தம் எது?

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. பண்டைய பாரசீக மன்னர்களின் அரண்மனைகள் எப்படி இருந்தன? அவர்களுக்கென்று ஒரு கட்டடக்கலை இருந்ததா, இல்லை எகிப்து, அசீரியா, கிரேக்கம் என்று அங்கங்கே எடுத்து ஒட்டியதா? அதன் சாயல் இந்தியா வரை வந்ததா?

சுருக்கமாகச் சொன்னால், உறுப்புகள் பெரும்பாலும் இரவல். அந்த உறுப்புகளை வைத்து எழுப்பிய மண்டபம் இரவல் அல்ல. "ஒட்டுவேலை" என்று அதைத் தள்ளிவிடுவது பழைய ஐரோப்பியப் பழக்கம். கிரேக்கக் கோவிலை அளவுகோலாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்தவர்களின் தீர்ப்பு அது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாரசீக மன்னர்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வம்சங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, சைரஸ், டேரியஸ், செர்க்செஸ் ஆகியோரின் அக்காமனிசிய வம்சம். கி.மு. 550 வாக்கில் தொடங்கி, கி.மு. 330-இல் அலெக்சாந்தரிடம் முடிந்தது. இன்னொன்று சாசானிய வம்சம், கி.பி. 224 முதல் 651 வரை. நடுவே ஐந்து நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. முதலாமவர்கள் தூணை நம்பிக் கட்டினார்கள், இரண்டாமவர்கள் வளைவை நம்பிக் கட்டினார்கள். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு முதல் வம்சத்தார் கோரேஸ், தரியு, அகாஸ்வேரு என்று ஏற்கெனவே பழக்கம். எஸ்தர் கதை நடக்கும் சூசான் அரண்மனைதான் வரலாற்றின் சூசா.

சைரஸிலிருந்து தொடங்கலாம். இன்றைய ஈரானின் ஃபார்ஸ் மாநிலத்தில் இருக்கும் பசார்கடே அவர் உருவாக்கிய அரச நகரம். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆறு அடுக்குப் படிமேடை, அதன்மேல் இருபுறமும் சரிந்த கல்கூரை கொண்ட சின்ன அறை. எளிமையான, கம்பீரமான கட்டடம்தான். ஆனால் அரண்மனை எப்படி இருந்தது என்று கேட்டால், பதில் கல்லறையைத் தாண்டித் தோட்டத்தில் கிடைக்கிறது. வெள்ளைக் கல்லில் குடைந்த மெல்லிய வாய்க்கால்கள், நடுநடுவே சதுரத் தொட்டிகள், அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி தூண் வரிசையோடு நிற்கும் மண்டபங்கள். சுற்றிலும் மதில் எழுப்பி உள்ளே முற்றம் வைத்த பாபிலோனிய அரண்மனைபோல இது இல்லை. தனித்தனி மண்டபங்கள், நடுவே மரமும் தண்ணீரும், மண்டபத்தின் முகம் வெளிப்பக்கம்.

ஆனால் கல் வேலை பாரசீகர்களுடையது அல்ல. சைரஸ் கி.மு. 540-களில், இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவின் தலைநகரான சார்டிஸைப் பிடித்தார். அதன் பிறகுதான் பசார்கடேயில் நன்றாகச் செதுக்கிய கற்களைச் சாந்தே இல்லாமல் இணைக்கும் வேலை வருகிறது. இரண்டு கற்களின் ஓரத்தில் புறா வால் வடிவில் பள்ளம் வெட்டி, அதில் உலோகப் பட்டையைப் பதித்து ஈயம் ஊற்றி இறுக்குவது சார்டிஸ் பக்கத்துக் கல்தச்சர்களின் கைவேலை. சற்றுப் பின்னால் வந்த பல் உளி கல்லின் முகத்தில் இணைகோடுகளாகத் தடம் விடும். அந்தத் தடம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்துத்தான் எந்தப் பகுதி சைரஸ் காலத்தது, எது பிறகு சேர்த்தது என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். கல்வெட்டு பொய் சொல்லலாம், உளித் தடம் சொல்லாது.

அடுத்தது டேரியஸ். கி.மு. 522-இல் ஆட்சியைப் பிடித்தவர், உடனே சூசாவிலும் பெர்சப்பொலிஸிலும் பெரும் கட்டடப் பணிகளைத் தொடங்கினார். சூசாவில் அவர் விட்டுப்போன ஒரு சாசனம் அரண்மனை வரலாற்றில் அபூர்வமான ஆவணம். கிட்டத்தட்ட ஒரு கட்டுமானக் கணக்கு என்றே சொல்லலாம். அடி மண்ணைத் தோண்டிச் சரளை நிரப்பியது ஓரிடத்தில் 40 முழம், இன்னோரிடத்தில் 20 முழம். தேவதாரு மரம் லெபனானிலிருந்து. அதை அசீரியர்கள் பாபிலோன் வரை கொண்டுவந்தார்கள், அங்கிருந்து சூசாவுக்குக் கொண்டுவந்தவர்கள் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையைச் சேர்ந்த காரியர்களும் அயோனியக் கிரேக்கர்களும். தங்கம் சார்டிஸிலிருந்தும் ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பாக்திரியாவிலிருந்தும். நீலக்கல் மத்திய ஆசியாவின் சோக்தியானாவிலிருந்து. வெள்ளியும் கருங்காலியும் எகிப்திலிருந்து. தந்தம் எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கந்தகார் பகுதியான அரகோசியாவிலிருந்தும். கல் செதுக்கியவர்கள் அயோனியரும் சார்டிஸ்காரரும், பொற்கொல்லர்கள் மீடியரும் எகிப்தியரும், செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர்.

கவனியுங்கள், இரவல் வாங்கியதை மன்னர் மறைக்கவில்லை. பட்டியல் போட்டுப் பறைசாற்றுகிறார். உலகத்தில் உள்ளதெல்லாம் என் வாசலுக்கு வந்தது என்பதுதான் அந்த அரண்மனையின் பேச்சே. பல தேசத்துப் பாணி கலந்திருப்பது அவருக்குக் குறையாகப் படவில்லை, அதுவே நோக்கம்.

சூசா சமவெளி, பக்கத்தில் நல்ல கல்மலை கிடையாது. அதனால் சுவரை அலங்கரிக்கப் பாபிலோன் வழியில் மெருகேற்றிய வண்ணச் செங்கற்களைப் பயன்படுத்தினார்கள். பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் வில்வீரர்கள் அங்கிருந்து போனவர்கள்தான். 1884 முதல் 1886 வரை மார்செல் தியூலஃபுவாவும் அவர் மனைவி ஜேனும் தோண்டி எடுத்துக் கப்பலேற்றினார்கள். காளைத் தலைகள் கொண்ட பிரம்மாண்டமான தூண் தலைப்பு ஒன்றும் கூடவே போனது. தூக்கிச் செல்ல முடியாத ஒரு கல் காளையை ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்ததாக ஜேனே எழுதி வைத்திருக்கிறார். தொல்லியல் அப்போது அந்த லட்சணத்தில் இருந்தது.

சரி, பெர்சப்பொலிஸுக்கு வருவோம். ஷிராஸ் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஈரானியர்கள் இதைத் தக்தே ஜம்ஷீத், அதாவது ஜம்ஷீத் மன்னனின் சிம்மாசனம் என்கிறார்கள். கட்டியவர் யார் என்பதே மறந்துபோன காலத்தில் வந்த பெயர் அது. கி.மு. 518 வாக்கில் டேரியஸ் தொடங்கினார், மகன் செர்க்செஸும் பேரன் முதலாம் அர்தசெர்க்செஸும் தொடர்ந்தார்கள். மலையடிவாரப் பாறையை ஒரு பக்கம் வெட்டி, பள்ளத்தை இன்னொரு பக்கம் நிரப்பி, ஏறக்குறைய 1,25,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு கல்மேடை. அதன்மேல் கட்டடம் எழும் முன்பே, மழைநீர் வடியப் பாறைக்குள் வடிகால்களை வெட்டிவிட்டார்கள். யாரும் படம் எடுக்காத அந்த வடிகால்தான் என்னைக் கேட்டால் அங்குள்ள சிறந்த பொறியியல் வேலை. எந்தத் தூண் எங்கே வரும் என்ற முழுத் திட்டமும் முதல் நாளே கையில் இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது.

மேலே ஏற இரட்டைப் படிக்கட்டு. ஒவ்வொரு பக்கமும் 111 படிகள். ஒரு படியின் உயரம் 10 சென்டிமீட்டர்தான். குதிரையில் ஏறிப்போக இப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கணுக்கால் வரை அங்கி அணிந்த பிரபுக்கள் தடுக்காமல், குனிந்து காலடி பார்க்காமல், மெதுவாக ஏறி வருவதற்கு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. படிகளைத் தனித்தனிக் கல்லாக வைக்கவில்லை. ஒரே பெரும் பாளத்தில் நாலைந்து படிகளைச் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்.

படி முடியும் இடத்தில் செர்க்செஸ் கட்டிய "அனைத்து நாடுகளின் வாயில்". காவலுக்கு மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள். இது பச்சையாக அசீரிய இரவல். ஆனால் ஒரு மாற்றம் உண்டு. அசீரியாவில் இந்த உருவத்துக்கு ஐந்து கால் இருக்கும், முன்னாலிருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் கால் குறையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக. பாரசீகச் சிற்பி நான்கு காலோடு நிறுத்திக்கொண்டார். அதே வாயிலில் 1870-இல் வந்த பத்திரிகையாளர் ஸ்டான்லி தன் பெயரையும் நியூயார்க் ஹெரால்ட் என்று பத்திரிகைப் பெயரையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். கோவில் தூணில் பெயர் கிறுக்குகிறவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை.

அப்புறம் அபதானா, மன்னர் தர்பார் நடத்திய பெருமண்டபம். மொத்தக் கேள்விக்கும் பதில் இந்த ஒரு கட்டடத்தில் இருக்கிறது. நடு மண்டபம் பக்கத்துக்கு 60 மீட்டர் சதுரம், உள்ளே 36 தூண்கள். மூன்று பக்கமும் தாழ்வாரம், ஒவ்வொன்றிலும் 12 தூண்கள். ஆக 72, இன்று நிற்பவை 13. தூணின் உயரம் ஏறக்குறைய 20 மீட்டர்.

எகிப்தின் கர்னக் கோவில் மண்டபத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். கர்னக்கில் கூரை கல். கல் உத்திரம் நீளமாகப் போனால் தன் எடையிலேயே முறியும், அதனால் தூண்களை நெருக்கமாகவும் தடியாகவும் வைக்க வேண்டும். உள்ளே போனால் மண்டபத்தைவிடத் தூண்தான் அதிகம் தெரியும். பாரசீகர்கள் கூரைக்கு லெபனான் தேவதாரு உத்திரங்களைப் போட்டார்கள். எடை குறைந்தது. தூணுக்குத் தூண் 8 மீட்டருக்கு மேல் இடைவெளி விட முடிந்தது, தூணையும் ஒல்லியாக உயர்த்த முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் நிற்கலாம். இப்படி ஒரு மண்டபம் எகிப்திலும் இல்லை, அசீரியாவிலும் இல்லை, அந்தக் காலக் கிரேக்கத்திலும் இல்லை. இதன் விதை ஈரானுக்குள்ளேயே இருக்கிறது. ஹசன்லு, கோதின் தெப்பே, நூஷே ஜான் ஆகிய இடங்களில் இதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரத்தூண் மண்டபங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. மலைநாட்டுத் தலைவர்களின் மரத்தூண் கூடத்தைக் கல்லில் பெரிதாக்கியதே அபதானா.

தூணின் தலைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு காளைகளின் முன்னுடல்கள் முதுகோடு முதுகு ஒட்டி, எதிரெதிர் திசையில் பார்த்தபடி மண்டியிட்டிருக்கும். இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். உத்திரம் அந்தப் பள்ளத்தில் உட்காரும், குறுக்கு உத்திரம் தலைகளின் மேல் வரும். அலங்காரம் என்று நினைக்கிற உருவமே சுமையைத் தாங்குகிற போதிகையாகவும் வேலை செய்கிறது. காளைக்குப் பதில் சிங்கமும், கொம்பும் அலகும் கொண்ட கற்பனை விலங்கும் சில தலைப்புகளில் வரும். காளைக்குக் கீழே எதிரெதிர்ச் சுருள்கள், அதன் கீழே எகிப்தியப் பனையோலை வடிவம், தண்டில் கிரேக்கர் வழியில் வரிப்பள்ளங்கள், அடியில் கவிழ்த்த மணி வடிவப் பீடம். ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்லிவிடலாம். முழுத் தூணைக் காட்டி இது எந்த ஊர் என்று கேட்டால் பாரசீகம் என்றுதான் சொல்ல முடியும்.

கூரை ஒன்றுகூட மிஞ்சவில்லையே, உத்திரம் உட்கார்ந்த விதம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சில கிலோமீட்டர் தள்ளி நக்ஷே ருஸ்தம் பாறையில் டேரியஸ் தன் கல்லறையின் முகப்பை அரண்மனை முகப்பாகவே செதுக்க வைத்தார். நான்கு தூண்கள், காளைத் தலைப்பு, அதன்மேல் உத்திர நுனிகள், நடுவில் வாசல் என எல்லாம் அப்படியே பாறையில் இருக்கிறது. மரக்கூரை எரிந்து போனாலும் அதன் கல் நகல் நிற்கிறது.

பெர்சப்பொலிஸ் படங்களில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டிருக்கும். கல் கதவு நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் வெட்டவெளியில் தனியாக நிற்கும், சுவரே இருக்காது. காரணம், சுவர் சுடாத செங்கல். அபதானாவின் சுவர் 5 மீட்டருக்கு மேல் தடிமன்; கோடை வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. கூரை போனதும் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணானது. ஆகவே இன்று தெரியும் சாம்பல் நிறக் கல் காட்சி அன்று இருந்த காட்சி இல்லை. சிற்பங்களில் நீலம், சிவப்பு, மஞ்சள் வண்ணத் துணுக்குகள் கிடைத்துள்ளன. டேரியஸின் சொந்த மாளிகையில் கல்லைக் கண்ணாடிபோல மெருகேற்றியிருந்தார்கள். கண்ணைப் பறிக்கிற நிறத்தோடு, திரைச்சீலைகளோடு இருந்த இடம் அது.

அபதானாவின் படிக்கட்டுச் சுவரில் 23 தேசத்துத் தூதுக்குழுக்கள் காணிக்கையோடு வருகிறார்கள். ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஒரு பணியாளர் கையைப் பிடித்து அழைத்துவருகிறார். இந்தியக் குழுவில் முதல் ஆள் மேலாடை போர்த்தியிருக்கிறார், மற்றவர்கள் வெற்று மார்போடு இடுப்பில் துணி மட்டும். ஒருவர் தோளில் காவடித் தண்டு, இரண்டு முனையிலும் கூடை, கூடைக்குள் சின்னப் பைகள். அது தங்கப் பொடியாக இருக்க வேண்டும். இந்தியர்கள் ஆண்டுக்கு 360 தாலந்து தங்கப் பொடி கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பின்னால் ஒரு கழுதை. இந்தியர் என்றால் சிந்து நதிப் பக்கத்தவர்கள். டேரியஸின் ஆட்சி கிழக்கே அதுவரைதான்.

அசீரிய அரண்மனைச் சுவர்களில் முற்றுகையும் தலை வெட்டலும் பக்கம் பக்கமாக இருக்கும். பெர்சப்பொலிஸில் போர்க் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. உடனே பாரசீகர்கள் சாதுக்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மேற்கு ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் இதே டேரியஸ் எதிரியின் மேல் கால் வைத்து நிற்கிறார், கழுத்தில் கயிறு கட்டிய தோற்ற தலைவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அரண்மனையில் எதைக் காட்டுவது என்பது வேறு தீர்மானம், அவ்வளவுதான். நவ்ரோஸ் புத்தாண்டு விழாவுக்காகவே இந்த நகரைக் கட்டினார்கள் என்பதும் அழகான ஊகம். அதற்கு நேரடியான எழுத்துச் சான்று கிடையாது.

கட்டியவர்கள் யார் என்பதற்கு மட்டும் எழுத்துச் சான்று ஏராளம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1931-இல் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் தலைமையில் இங்கே அகழாய்வைத் தொடங்கியது; 1934 முதல் எரிக் ஷ்மிட் நடத்தினார். கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் இருப்பது வீரப் பிரதாபம் இல்லை, ரேஷன் கணக்கு. எந்த ஊர்க் குழுவுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு மது, ஆட்டுக்குப் பதிலாக எவ்வளவு வெள்ளி என்று சூசா பகுதியின் பழைய மொழியான ஈலமியத்தில் எழுதியிருக்கிறார்கள். எகிப்தியத் தச்சர், அயோனியர், காரியர் என்று பல தேசத்தார் அதில் வருகிறார்கள். பெண்கள் கணிசமாக வேலை செய்தார்கள், சில பெண் மேற்பார்வையாளர்களுக்கு ஆண்களைவிட அதிகப் படி. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தனிப் படி உண்டு. ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. இந்தப் பலகைகளைக் காட்டி, இங்கே அடிமைகளே இல்லை, எல்லோரும் சம்பளக்காரர்கள் என்று ஒரு பெருமிதப் பேச்சு இணையத்தில் சுற்றுகிறது. படி வாங்கியது உண்மை. அவர்களில் பலர் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதும் உண்மை. படி வாங்கியதாலேயே அவர்கள் விரும்பி வந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கி.மு. 330-இல் அலெக்சாந்தர் வந்தார். கருவூலத்தை அள்ளிச் செல்ல 20,000 கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டதாக புளூட்டார்க் எழுதுகிறார். பிறகு நெருப்பு. தாயிஸ் என்ற ஏதென்ஸ் கணிகை போதையில் தூண்டிவிட்டாள் என்பது ஒரு கதை. செர்க்செஸ் ஏதென்ஸை எரித்ததற்குப் பழி என்பது இன்னொரு விளக்கம். எதுவானாலும், மண்டபத்தை அவ்வளவு விசாலமாக்கிய அதே தேவதாரு உத்திரங்கள்தான் எரிபொருளாகவும் ஆயின.

சாசானியர்களை விரைவாகப் பார்த்துவிடலாம். இங்கே தூண் பின்வாங்கிவிடுகிறது. முதலாம் அர்தஷீர் ஃபிரூசாபாதில் கட்டிய அரண்மனையில் உடைகல்லையும் சீக்கிரம் இறுகும் ஜிப்சம் சாந்தையும் வைத்து மூன்று குவிமாடங்களை எழுப்பினார்கள். சதுர அறையின்மேல் வட்டக் குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது? நான்கு மூலைகளிலும் சின்ன வளைவுகளைக் குறுக்கே போட்டு, சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் வட்டத்தை ஏற்றுவதுதான் அவர்கள் கண்ட வழி. உள்ளே மாடங்களின் மேல் சுதையில் செய்த அலங்காரம் பெர்சப்பொலிஸ் வாசல்களைப் பார்த்துச் செய்தது. ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்த இடிபாடு அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்திருக்கிறது.

அவர்களின் உச்சம் டெசிஃபானில், இன்றைய இராக்கில், பாக்தாதுக்குத் தெற்கே இருக்கும் தாக்கே கிஸ்ரா. முன்பக்கம் முழுக்கத் திறந்த வளைவுக் கூடம், அதாவது இவான். இரண்டு வம்சங்களுக்கும் நடுவே ஈரானை ஆண்ட பார்த்தியர் காலத்தில் உருவான வடிவம் இது. சாசானியர்கள் அதைப் பிரம்மாண்டமாக்கினார்கள். அகலம் சுமார் 25 மீட்டர், உயரம் 35 மீட்டருக்கு மேல், வெறும் செங்கல். கீழே மரச்சாரம் கொடுத்துத் தாங்காமலே இந்த வகை வளைவைக் கட்டுவார்கள். பின்சுவரில் தொடங்கி, ஒவ்வொரு வளையத்தையும் அலமாரியில் சாய்த்து வைத்த புத்தகம்போல முந்தைய வளையத்தின்மேல் சற்றுச் சாய்த்து ஒட்டிக்கொண்டே வருவது. சாந்து சட்டென்று பிடித்துக்கொள்வதால் செங்கல் விழாது. மரம் அரிதான நாட்டில் பிறந்த புத்திசாலித்தனம். 1888-இல் டைக்ரிஸ் வெள்ளம் முகப்பின் ஒரு பக்கச் சிறகைக் கொண்டுபோய்விட்டது. வளைவு நின்றுகொண்டது.

இந்தியத் தொடர்புக்கு வருவோம். இவானின் வழி நேரானது. ஈரானிய மசூதிகள், தைமூரிய சமர்கந்து, அங்கிருந்து முகலாயர் என்று வந்து, தாஜ்மகாலின் நான்கு முகங்களிலும் நடுவே ஆழமாகக் குடைந்து நிற்கும் பெருவளைவாக இருக்கிறது. அதில் சர்ச்சை இல்லை.

சர்ச்சை மௌரியர் விஷயத்தில்தான். பாட்னா அருகே கும்ரஹாரில் 1912-13 வாக்கில் டி. பி. ஸ்பூனர் அகழ்ந்தபோது, 80 தூண் கொண்ட மண்டபத்தின் தடயம் கிடைத்தது. செலவுக்குப் பணம் தந்தவர் பார்சியான சர் ரத்தன் டாடா. வரிசை வரிசையாகத் தூண், மெருகேற்றிய கல், மரக்கூரை, தீயில் அழிந்த சாம்பல். ஸ்பூனர் உடனே பெர்சப்பொலிஸின் நூறு தூண் மண்டபத்தை நினைத்தார். ஒருபடி மேலே போய் மௌரியர்களையே பாரசீக வழியினர் ஆக்கப் பார்த்தார். அது யாரும் ஏற்காத மிகை. ஆனால் அறிமுகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. "மன்னர் இவ்வாறு கூறுகிறார்" என்று தொடங்கும் அசோகர் சாசனத்தின் நடை டேரியஸின் சாசன நடைதான். கந்தகாரில் அசோகர், பாரசீக ஆட்சியின் அலுவல் மொழிகளில் ஒன்றான அரமேயத்திலேயே எழுதியிருக்கிறார். தூணை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பெரிது. அபதானாவின் தூண் உருளை உருளையாக அடுக்கி, வரிப்பள்ளம் வெட்டி, கூரையைத் தாங்குவது. அசோகரின் தூண் ஒரே கல், வழவழப்பானது, எதையும் தாங்காமல் வெளியில் தனியாக நிற்பது. பெர்சப்பொலிஸில் தூணின் காலடியில் கிடக்கும் மணி வடிவம், சாரநாத்தில் சிங்கங்களுக்குக் கீழே தலைப்பாக ஏறியிருக்கிறது.